புகையில்லாத வீடு

கேளுங்கள் குழந்தைகளே. குழந்தைகளைப் பெற்றவர்களே, நீங்களும் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள்.

ஊர் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று கல் நட்டுப் பிரிக்க எவருக்கும் தோன்றாத காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு மலையின் சரிவில் வேங்கைச்சரிவு என்று ஓர் ஊர் இருந்தது. மூன்று தெரு, அறுபது வீடு. வருஷத்தில் பாதி மழை, மீதியில் பாதி பனி. வெயில் என்பது விருந்தாளி மாதிரி வந்து போகும்.

முதன்முதலில் அங்கே குடியேறியவர்களுக்கு நெருப்பு மூட்டத் தெரியாது. அந்த வழியாக வந்த ஒரு முனிவர் இரண்டு குச்சிகளைக் கடைந்து நெருப்பு மூட்டிக் கொடுத்தார். மூன்று கல் வைத்து அடுப்பு போடக் கற்றுக் கொடுத்தார். கிழங்கு சுடக் கற்றுக் கொடுத்தார். நாலாம் நாள் கிளம்பிவிட்டார்.

ஜனங்கள் பின்னாலேயே ஓடினார்கள். "சாமி, சமைச்சு முடிச்ச பிறகு இந்த நெருப்பை என்ன செய்யறது?"

முனிவர் பாதி மலை இறங்கியிருந்தார். பனி மூட்டத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"நெருப்பை அணைத்து வையுங்கள்."

அவ்வளவுதான். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். பெரியவர்கள் பலர் அப்படித்தான், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அவதிப்படுவது பின்னால் வருகிறவர்கள்.

ஜனங்கள் கூடி யோசித்தார்கள். அணைப்பது என்றால் என்ன? பிள்ளையைத் தாய் அணைக்கிறாளே, அதுதான். விடாமல், இறக்காமல், மார்போடு வைத்திருப்பது. அப்படியானால் நெருப்பை ஒரு நொடிகூட விடக்கூடாது என்று முடிவு செய்தார்கள்.

அன்றிலிருந்து வேங்கைச்சரிவில் அடுப்பு ஓய்ந்ததே இல்லை. உலையிருந்தாலும் எரியும், இல்லாவிட்டாலும் எரியும். காலையில் ஒரு கட்டை, மதியம் ஒரு கட்டை, அந்தியில் ஒரு கட்டை, படுக்கப் போகுமுன் இன்னும் இரண்டு. விருந்தாளி வந்தால் அவர் பெயரைச் சொல்லி ஒரு பெரிய கட்டையைத் தூக்கி வைப்பார்கள். கட்டை எவ்வளவு பருமனோ அவ்வளவு மரியாதை.

கூரைமேல் புகை தெரியாத வீட்டுக்குக் 'குளிர்ந்த வீடு' என்று பெயர். குளிர்ந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

யாராவது தயங்கினால் ஊரே ஒரே பதிலைச் சொல்லும். "ஒரு கட்டைதானே! அதுல காடு தேய்ஞ்சா போகும்?"

காடு தேய்ந்தது.

கொல்லைப்புறத்தில் நின்ற காடு கூப்பிடு தூரத்துக்குப் போனது. கூப்பிடு தூரத்தில் நின்ற காடு அரைநாள் நடைக்குப் போனது. பிறகு ஓடையைத் தாண்டி, இரண்டு மேடு ஏறி, ஒரு நாள் நடைக்கு அப்பால் போய் நின்றது. விறகுக்குப் போனால் ஆண்கள் நாலாம் நாள்தான் திரும்புவார்கள். மலை வழித்த தலை மாதிரி ஆயிற்று. கோடையில் ஊற்று வற்றியது. மழையில் ஓடை செம்மண் குழம்பாக இறங்கியது. அப்போதும் அறுபது வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டேதான் இருந்தது.

கீழே சமவெளியில் அந்த நாட்டு அரசர் இருந்தார். அவருடைய ஏரி முழுக்க மலைச் சேறு வந்து நிறைந்தது. காரணம் விசாரித்து, ஓர் அதிகாரியை மேலே அனுப்பினார். ஐப்பசி பிறந்த நேரம். அதிகாரி பல்லக்கில் ஏறி, நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்.

வந்ததும் ஊரைக் கூட்டினார். "மூடர்களே! நெருப்பை அணைத்தல் என்றால் அவித்தல். தண்ணீர் ஊற்றி அவித்தல். முனிவர் அவிக்கச் சொன்னார், நீங்கள் வளர்த்திருக்கிறீர்கள்!"

ஒரு கிழவர் கை தூக்கினார். "சாமி, நாங்க கிழங்கைக்கூட அவிக்கிறோம். அதுவும் அணைக்கிறதுதானுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"நான் சொல்வது உத்தரவு. மதியம் ஒரு நாழிகை சமையல். பிறகு ஒவ்வோர் அடுப்பிலும் ஒரு குடம் தண்ணீர்."

அன்று மதியம் அறுபது அடுப்பிலும் தண்ணீர் ஊற்றினார்கள். புஸ் என்று ஒரு சத்தம், பிறகு ஒரு வீட்டிலும் சத்தமில்லை. மறுநாள் அடுப்பு சொதசொதவென்று கிடந்தது. குச்சி நனைந்திருந்தது, கடைந்தால் பற்றவில்லை. அந்தி வரைக்கும் கடைந்தார்கள். மூன்று நாளில் கேள்வி கேட்ட அந்தக் கிழவர் குளிரில் விறைத்துப் போனார். அடுத்த தெருவில் ஒரு கிழவியும் போனாள். 'உத்தரவு நிறைவேறியது' என்று ஓலை எழுதிக்கொண்டு அதிகாரி இறங்கிப் போய்விட்டார்.

ஊர்த்தலைவர் கொம்பையா இரண்டு பாடையும் போன பிறகு சொன்னார். "பாத்தீங்களா? அவிச்சா சாவு. இனிமே யார் சொன்னாலும் கேக்காதீங்க. முன்னைவிட ஜாஸ்தியா எரிங்க."

எரித்தார்கள். குச்சி காய்ந்து நெருப்புப் பற்றியதும் வீம்புக்கு எரித்தார்கள். ஒரு கட்டை போட்ட இடத்தில் இரண்டு போட்டார்கள். பத்தே நாளில், தலைவர் வீடு தவிர, வீட்டுக்கு வீடு விறகு அடுக்கு தரையைத் தொட்டது. பத்தொன்பது ஆண்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டிப் போனார்கள்.

அவர்கள் போன அன்றே மழை பிடித்துக்கொண்டது.

இனிமேல்தான் மாதியின் கதை வருகிறது.

மாதி கடைசித் தெருவில் இருந்தவள். மஞ்சள் கொல்லையில் வேலை செய்கிறவள். புருஷன் சடையன் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன். கையில் ஏழு மாதப் பெண் குழந்தை, பெயர் தும்பி. அதற்கு முன் பிறந்த பிள்ளையைப் போன மழைக்காலத்தில் மார்ச்சளிக்குக் கொடுத்தாள். அந்தப் பிள்ளைக்கு முதலில் இருமல் வந்தது, பிறகு உதடு நீலமானது, பிறகு அழுகை நின்றது. மூன்றும் வந்த வரிசை அவளுக்கு மனப்பாடம்.

அன்று காலை தும்பி இருமினாள்.

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அடுத்த பிள்ளையின் ஒரு தும்மல் போதும். மாதி ஓடிப்போய் விறகு மூலையைப் பார்த்தாள். மூன்றே மூன்று கட்டை. ஊர் எரிக்கிற மாதிரி எரித்தால் நாளைக்குக் காலை வராது. அதிகாரி சொன்ன மாதிரி அவித்தால், இந்த ஈரத்தில் மறுபடி மூட்ட முடியாது. எரித்தாலும் பிள்ளை போகும், அவித்தாலும் பிள்ளை போகும்.

அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை. மஞ்சள் கொல்லையில் பழகிய கை அது, அடுப்போரத்துச் சாம்பலைக் கூட்டிக் கூட்டிக் கங்கின் பக்கமாகத் தள்ளியது. செடியின் தூரில் மண்ணைக் கூட்டுவது போலவே கூட்டியது.

சட்டென்று அவள் கை நின்றது.

"மஞ்சளுக்கு மண் அணைக்கிறோமே," என்று வாய்விட்டுச் சொன்னாள். "அது மஞ்சளைக் கட்டிக்கிட்டு நிக்கிறதா? இல்ல, மஞ்சளைக் கொல்றதா? கிழங்கு உள்ளே உயிரோட இருக்கணும்னு சுத்தி மண்ணைக் குவிச்சு மூடறோம். அதுக்கும் அணைக்கிறதுன்னுதானே பேரு!"

முனிவர் 'அணைத்து விடுங்கள்' என்று சொல்லவில்லை. 'அணைத்துக்கொள்ளுங்கள்' என்றும் சொல்லவில்லை. அணைத்து வைக்கச் சொன்னார். நாளைக்கு வேண்டும் என்கிற பொருளைத்தானே வைப்போம்?

மாதி ஒரு கட்டையை மட்டும் எடுத்தாள். கூழ் காய்ச்ச எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எரித்தாள். கொள்ளுப் பயறை முன்கூட்டியே ஊறப் போட்டிருந்தாள், அதனால் சீக்கிரம் வெந்தது. பானைக்கு மூடி போட்டாள். பானை கொதித்ததும் இறக்கி, வைக்கோலுக்குள் புதைத்து வைத்தாள். மீதி வேகவேண்டியது அந்தச் சூட்டிலேயே வெந்தது. உள்ளங்கை அகலக் கல் ஒன்றை அடுப்பில் காய்ச்சி, துணியில் சுற்றி, தும்பியின் காலடியில் வைத்தாள். மிச்சமிருந்த இரண்டு கட்டையையும் ஈரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினாள்.

கடைசியில், முஷ்டி அளவு செக்கச்செவேலென்று இருந்த கங்கைச் சுற்றிலும் உலர்ந்த சாம்பலைக் குவித்து மூடினாள். புகை நின்றது.

சாம்பல் மேல் கை வைத்துப் பார்த்தாள், சூடு இருந்தது. பிறகு தும்பியை மார்போடு கட்டிக்கொண்டு படுத்தாள். அந்த இரவை நான் சொல்லப் போவதில்லை. விடிந்ததும் சாம்பலைக் கிளறினாள். உள்ளே கங்கு கண் விழித்துப் பார்த்தது. தும்பி இருமினாள், ஆனால் உதடு சிவப்பாகத்தான் இருந்தது. மாதி இரண்டாம் கட்டையை இறக்கினாள்.

மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மழையிலும் கூரையைப் பார்க்கிற கண்கள் இருந்தன. பக்கத்து வீட்டு இருளாயி முறத்தைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன மாதி, நேத்திலிருந்து உன் கூரையில புகையக் காணோம்? யாரு செத்தா?"

"யாரும் சாகக்கூடாதுன்னுதான்க்கா."

"அடிப்பாவி! கைப்புள்ளைய வச்சிக்கிட்டு வீட்டைக் குளிர வச்சிருக்கியே. முத புள்ள பத்தாதா உனக்கு?"

சில வார்த்தைகள் கல் மாதிரி. எறிந்தவள் மறந்துவிடுவாள், பட்டவள் மறக்கமாட்டாள்.

இருளாயி போய்க் கொம்பையாவைக் கூட்டிவந்தாள். அவர் பின்னால் பத்துப் பேர்.

"ஏ பொண்ணே," என்றார் கொம்பையா, "ரெண்டு சாவு பாத்தும் புத்தி வரலியா? எத்தனை கட்டை வச்சிருக்கே?"

"ஒண்ணு அடுப்புல இருக்குங்க ஐயா. ஒண்ணு பரண்ல இருக்கு."

"ரெண்டையும் இப்பவே போட்டு ஊது. புகை கூரைக்கு மேல வரணும். நாங்க கண்ணால பாத்துட்டுத்தான் போவோம்."

"நெருப்பு இருக்குதுங்க. சாம்பலுக்குள்ள தூங்குது. வேணும்னா கையை வச்சுப் பாருங்க."

"தூங்குதாம்! தாலாட்டு பாடினியா?" என்று இருளாயி கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஒருவன் பரணை நோக்கிக் கை நீட்டினான். மாதி எட்டிக் கட்டையை இழுத்தாள். தரையில் போட்டாள். பிள்ளையோடு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, இது விறகில்லீங்க. இது என் புள்ளையோட நாளைக்கு. என்னை வெட்டி அடுப்புல வையுங்க, இதைத் தரமாட்டேன்."

கொம்பையா கை நீட்டியவனைப் பின்னால் இழுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சரி. இது இனிமே குளிர்ந்த வீடு. மழை விட்டதும் ஊரை விட்டுப் போயிரு. அதுவரைக்கும் இந்த வாசல்ல யாரும் கால் வைக்கக்கூடாது."

போய்விட்டார்கள். மாதி அழுதாள், ஆனால் அழுதுகொண்டே சாம்பலைக் குவித்து மூடினாள்.

மழை விடவில்லை. ஓடை கரை தாண்டியது. விறகுக்குப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது. வீடுகளில் விறகு தீர்ந்தது. ஆனாலும் நெருப்பை விடக்கூடாதே! முதலில் ஏணியை எரித்தார்கள், பிறகு கதவை எரித்தார்கள். அதற்கும் பிறகு, பெண்கள் தடுக்கத் தடுக்க, தொட்டிலை எரித்தார்கள். பச்சை மூங்கிலும் ஈரப் பலகையும் புகைந்து புகைந்து, மூன்றாம் நாள் விடியும்போது வீடு வீடாக அடுப்புகள் அணைந்து போயின.

தலைவர் வீட்டில் மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. அவர் அடுக்கு பெரிய அடுக்கு.

அன்று காலை மாதியின் வாசலில் ஒரு நிழல் நின்றது. இருளாயிதான். இடுப்பில் மூன்று வயதுப் பையன் துவண்டு கிடந்தான். கையில் ஓர் உடைந்த ஓடு.

"மாதி," என்றாள். ஓட்டை நீட்டினாள்.

மாதி அடுப்பைப் பார்த்தாள். கடைசிக் கட்டை. அதில் ஒரு முஷ்டி கங்கு. உடைத்துக் கொடுத்தால் சிறுத்துவிடும், சிறுத்தது சீக்கிரம் சாகும். தும்பி மார்பில் இருமினாள். என்னைக் கேட்டால், அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"கங்கைக் கொண்டுபோய் எதுல வைப்பே? உங்க வீட்டுல விறகேதுக்கா?" என்றாள் மாதி. "ஓட்டைப் போடு. புள்ளைய உள்ளே கொண்டா. போய் எல்லாரையும் வரச்சொல்லு. வரும்போது எரியறது ஏதாவது ஒரு பிடி கையில எடுத்துக்கிட்டு வரட்டும்."

வந்தார்கள். குளிர்ந்த வீடு என்று சொன்ன வாய்களெல்லாம் வந்தன. ஒருத்தி விளக்குமாறு கொண்டுவந்தாள், ஒருத்தி பழங்கயிறு, ஒருத்தி பானைக்குள் ஒளித்து வைத்திருந்த உமி. குழந்தைகளை அடுப்பைச் சுற்றி நெருக்கி உட்கார வைத்தார்கள், அவர்களைச் சுற்றித் தாய்மார்கள், தாய்மார்களைச் சுற்றிக் கிழவர்கள். ஒரே பானையில் கூழ். காய்ச்சும்போது மட்டும் எரித்தார்கள், மற்ற நேரம் சாம்பலால் மூடினார்கள். அத்தனை வீட்டு மூச்சில் அந்தச் சின்ன வீடு வெதுவெதுவென்று ஆயிற்று. இருளாயியின் பையன் அந்தி வேளையில் கூழ் கேட்டான்.

மாதி ஒருமுறை கேட்டாள். "தலைவர் வீட்டை யாராவது எட்டிப் பாத்தீங்களா? மருமக புள்ள பெத்த பச்சை உடம்புக்காரி."

"அவங்களுக்கென்ன," என்றாள் இருளாயி. "விறகு கூரையை முட்டும்."

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மாதியும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மழை நின்றது. ஓடை இறங்கியது. விறகுக்குப் போனவர்கள் வந்தார்கள். பத்தொன்பது பேரும் வந்தார்கள், ஒருவர் தோளிலும் விறகு இல்லை.

"மேட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனோம்," என்றான் சடையன். "அங்கேயும் மொட்டை. அந்தப் பக்கத்துலயும் ஒரு ஊர் இருக்கு, மாதி. அவங்க அங்கிருந்து வெட்டிக்கிட்டே வந்திருக்காங்க. நாம இங்கிருந்து வெட்டிக்கிட்டே போயிருக்கோம். நடுவுல காடு இல்ல."

அப்போதுதான் யாரோ தலைவர் வீட்டைக் கவனித்தார்கள். புகை இல்லை.

கதவைத் தள்ளப் போனார்கள். கதவே இல்லை, அதையும் எரித்திருந்தார்கள். நேற்று முன்தினம் அந்தியோடு அவர் விறகு தீர்ந்திருந்தது. "மாமா, மாதி வீட்டுக்குப் போயிரலாம்," என்று மருமகள் கெஞ்சியிருக்கிறாள். "நான் தள்ளி வச்ச வீட்டு வாசல்ல நானே போய் நிக்கவா? மழை இப்ப விட்டுரும்," என்று கொம்பையா சொல்லியிருக்கிறார். மருமகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பிறந்து இருபது நாளான பிள்ளையை மார்போடு அணைத்திருந்தாள். பிள்ளை எப்போது குளிர்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாங்க வந்தவர்களிடம் அவள் கொடுக்கவில்லை.

கொம்பையா மாதியின் காலடியில் வந்து உட்கார்ந்தார். "நீயாவது ஒரு தடவை வந்து கூப்பிட்டிருக்கலாமே, தாயி," என்றார். கூப்பிட்டிருக்கலாம்தான்.

அதற்குப் பிறகு வேங்கைச்சரிவில் சமைத்து முடித்ததும் சாம்பலைக் குவித்து நெருப்பை மூடினார்கள். ஊறவைத்துச் சமைத்தார்கள், பானையை மூடிச் சமைத்தார்கள், இரண்டு வீட்டுக்கு ஓர் அடுப்பு வைத்தார்கள். ஐந்து கட்டை எரிந்த வீட்டில் ஒரு கட்டை எரிந்தது. தும்பி பிழைத்தாள். மழை வந்தால் மட்டும் அவள் நெஞ்சு விசில் அடிக்கும். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் மாதி எழுந்து உட்காருவாள்.

மரம் நட்டார்கள். முதல் வருஷம் நட்டது சரிவோடு போயிற்று. இரண்டாம் வருஷம் நட்டதை ஆடு தின்றது. மூன்றாம் வருஷம் நட்டதில் சில நின்றன, இடுப்பு உயரத்துக்கு. ஒரு மரம் வளர ஒரு மனுஷ ஆயுள் வேண்டும். அவர்கள் அதை எரித்தது ஒரு நாளில். மாதி கண்மூடிய நாளில் அவளை எரிக்க ஊரில் விறகு இல்லை. குழி தோண்டித்தான் வைத்தார்கள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: தினந்தோறும் செய்கிற சின்ன விரயத்தை ஆபத்து வந்த பிறகு விட்டால் சில வீடுகள் பிழைக்கும், வருவதற்கு முன்பே விட்டால்தான் காடும் பிழைக்கும்.